பொருள்: நன்றி தெரிவிப்பது சம்பந்தமாக

அனுப்புநர்: சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரி.
பெறுநர்: கீழ வர்ற எல்லாரும்.

திங்கக்கிழமை ஆனா குறைதீர்வு நாள் மனு அடிக்கறதுதான் நம்ம பொழப்பு. பட்டா, முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டுல பேரு தப்பு, பக்கத்து வீட்டுக்காரன் வழிய அடைச்சுட்டான்னு பதினஞ்சு வருஷமா வேலூர் ஜில்லா குறையெல்லாம் என் விரல் வழியாத்தான் உள்ள போவுது. ஆனா நன்றின்னு ஒரு மனு அடிச்சதில்ல, யாரும் வந்து கேட்டதும் இல்ல. அதனால ஃபார்மட் தெரியல, வர்ற மாதிரி அடிக்கறேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒரு உண்மைய ஒத்துக்கணும். கடைக்கு வர்றவங்க எல்லாம் "இன்னாக்கா பாதியா ஆயிட்ட, எப்படிக்கா"ன்னு கேக்கும்போது நான் "வாக்கிங்பா, காலைல கோட்டைய சுத்தறேன்"னு சொல்லினு இருந்தேன்ல, அது பொய். பதினோரு மாசம் முன்ன சென்னைல இரைப்பைய சின்னதாக்கற ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன், ஸ்லீவ்னு சொல்லுவாங்க. அப்போ 118 கிலோ, உயரம் 156 செ.மீ., உயரத்துக்கு எடை எவ்ளோன்னு பாக்கற பி.எம்.ஐ கணக்கு 48. இப்போ 81 கிலோ. ஏன் மறைச்சேன்னா, ஆபரேஷன்னு சொன்னா "ஓ அப்படியா"ன்னு ஒரு மூஞ்சி காட்டுவாங்க பாருங்க, குறுக்கு வழில போனவள பாக்கற மூஞ்சி, அதுக்கு பயந்துட்டேன். ஆனா போன வாரம் ஒரு பொண்ணு, 25 வயசு கூட இருக்காது, என்ன விட கனமா இருக்கா, நான் சொன்னத நம்பி ரெண்டு மாசமா கோட்டைய சுத்தி முட்டி வீங்கிப்போய் வந்து நின்னா. எனக்கு நாக்க புடுங்கிக்கலாம் போல ஆயிடுச்சு. அவளுக்கு அன்னிக்கே எல்லாம் சொல்லிட்டேன். அப்பால ராத்திரி யோசிச்சு பாத்தா, நான் வாக்கிங்னு சொன்ன ஒவ்வொரு தடவையும் எனக்கு கை குடுத்த அத்தன பேரு பேரையும் அழிச்சுட்டு என் பேர மட்டும் போட்டுக்கிட்டிருக்கேன்.

சின்னவ பொறந்த 2010ல நான் 76 கிலோ. அதுல இருந்து நான் பண்ணாத டயட் கிடையாது. இளைச்சவனுக்கு எள்ளு கொழுத்தவனுக்கு கொள்ளுன்னு கொள்ளுக் கஞ்சில ஆரம்பிச்சு, 2011ல ஏழு நாள் ஜி.எம். டயட், 2013ல சொந்தக்கார அக்கா ஒருத்தி தலைல கட்டின டப்பா பவுடரு, 2015ல ஊரே பேலியோ பேலியோன்னு கத்தினப்போ காலைல எண்ணி 100 பாதாம், வெண்ணெ போட்ட டீ, ஆம்பூர் பிரியாணி கடைய தாண்டும்போது பஸ்ல கண்ண மூடிக்கறது, 2019ல ஜிம்மு, ராத்திரி பட்டினி. எல்லாமே வேலை செஞ்சுது, அதுதான் கொடுமை. இறங்கும், எல்லாரும் பாராட்டுவாங்க, அப்புறம் ஒரு நாள் பசி வரும் பாருங்க, அது சாதா பசி இல்ல, அடுப்பங்கரை லைட்ட போடாம நின்னுக்கினு பழைய சோத்த அள்ளி தின்ன வைக்கற பசி. இறங்கினது எல்லாம் வட்டியோட ஏறிடும்.

இந்த இடத்துலதான் முதல் நன்றி, எங்க ஏரியா லேடி டாக்டரம்மாவுக்கு. மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட் 9.4னு வந்த அன்னிக்கு, வாய கட்டுங்கன்னு திட்டுவாங்கன்னு நெனச்சு நான் தலைய குனிஞ்சுக்கினு உக்காந்திருந்தேன். அவங்க பேனாவ எடுத்து, "இதுவரைக்கும் எத்தன தடவ எறக்குனீங்க, எவ்ளோ எறக்குனீங்க, சொல்லுங்க"ன்னாங்க. 6, 9, 17, 11. கூட்டினா 43 கிலோ. "43 கிலோ எறக்குன பொம்பளைக்கு கட்டுப்பாடு இல்லன்னு யாருங்க சொன்னது"ன்னாங்க. அவ்ளோதான், நான் அழுதுட்டேன், வெளிய டோக்கன் வெச்சுக்கினு பதினஞ்சு பேரு. அப்புறம் பொறுமையா சொன்னாங்க, டயட்ல எடை இறங்கினா பசிய தூண்டற கிரெலின்னு ஒரு ஹார்மோன் ஏறிடும், உடம்பு செலவு பண்றதையும் சுருக்கிக்கும், வருஷம் ஆனாலும் அது அடங்காது, நீங்க சண்ட போடறது உங்க உடம்போடன்னு. ஆபரேஷன்ற வார்த்தைய முதல்ல சொன்னதும் அவங்கதான். நம்ம நாட்டு ஆளுங்களுக்கு பி.எம்.ஐ 37.5 தாண்டினாலே, இல்ல சுகர் மாதிரி கூட்டாளி இருந்தா 32.5 தாண்டினாலே யோசிக்கலாமாம், நான் 48ல உக்காந்துக்கினு கொள்ளு வறுத்துக்கினு இருந்தேன்.

இருந்தாலும் உடனே போகல. ஒன்ற வருஷம் தள்ளினேன். முடிவெடுக்க வெச்சது பெரியவ. காலேஜ் முதல் வருஷம், ராத்திரி படிச்சுக்கினு இருந்தவ என் கொறட்டைய கிண்டல் பண்ண போன்ல வீடியோ எடுத்திருக்கா. எடுக்கும்போது கொறட்ட நின்னுடுச்சு. மூச்சும் நின்னுடுச்சு. வீடியோல அவ குரல் கேக்குது, ஒண்ணு ரெண்டுன்னு மெதுவா எண்றா, முதல்ல சிரிப்பு இருக்கு அந்த குரல்ல, பத்துக்கு மேல சிரிப்பு இல்ல, 22ல "அம்மா"ன்னு கத்தி என்ன உலுக்கறா. காலைல ஒண்ணும் பேசாம போன என் கையில குடுத்துட்டு காலேஜ் பஸ் ஏறிட்டா. கடையில உக்காந்து அத ஏழு தடவ பாத்தேன். அப்புறம் தூக்கத்துக்குன்னு ஒரு டெஸ்ட் எடுத்ததுல மணிக்கு 41 தடவ மூச்சு தடைபடுதுன்னு வந்துச்சு. கண்ணு, அந்த வீடியோவ நான் இன்னும் அழிக்கல.

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு. "நல்லா கீற வயித்த போயி எவளாவது அறுத்துக்குவாளாடி"ன்னு ஒரு மாசம் வீட்ட ரெண்டாக்கினது அவங்கதான், வள்ளிமலைக்கு வேண்டிக்கிட்டதும் அவங்கதான், ஆபரேஷன் நின்னு போகணும்னு வேண்டிக்கிட்டாங்களா நல்லபடியா முடியணும்னா, இன்னி வரைக்கும் கேட்டாலும் சொல்லல. ஆனா வந்த அப்புறம் பருப்பு தண்ணி, சிக்கன் சூப்பு எல்லாத்தையும் வேட்டித்துணில ரெண்டு தடவ வடிகட்டி, ஒரு திப்பி இல்லாம, மருந்து மூடி அளவுல ஊத்தி, கால் மணிக்கு ஒரு தடவ கடிகாரத்த பாத்து குடுத்தவங்களும் அவங்கதான். இப்பவும் அவங்களுக்கு சம்மதம் இல்ல. சம்மதம் இல்லாமலே செஞ்சாங்க.

ஆரணி தங்கச்சிக்கு, பேரு போட வேணாம்னு சொல்லிட்டா. எனக்கு ரெண்டு வருஷம் முன்ன பண்ணிக்கிட்டவ, டாக்டரம்மாதான் அவ கிட்ட கேட்டுட்டு நம்பர் வாங்கி குடுத்தாங்க. ராத்திரி பாத்திரம் கழுவிக்கினே ஸ்பீக்கர்ல பேசுவா. டாக்டருங்க சொல்றத அவ வீட்டு பாஷைல சொன்னா: "லிட்டரு புடிக்கற பைய ஒரு நாட்டு வாழப்பழம் சைஸுக்கு தச்சுடுவாங்கக்கா, மீதிய எடுத்துடுவாங்க, திரும்ப வெக்க முடியாது, நாலு மாசத்துல முடி கொத்து கொத்தா கொட்டும் பயப்படாத திரும்ப வரும், தோலு தொங்கும் அது போகாது, சாப்பிடும்போது தண்ணி குடிச்ச அவ்ளோதான், பி12, இரும்பு, கால்சியம் சாவற வரைக்கும், அப்புறம் இன்னொண்ணு, மனசு கஷ்டமா இருந்தா சாப்பாட்டுக்கு போவல்ல, இனிமே அங்க போக முடியாது, அப்போ வேற எங்க போவேன்னு இப்பவே பாத்து வெச்சுக்கோ." அந்த கடைசி ஒண்ண எந்த டாக்டரும் எனக்கு சொல்லல. உயிருக்கு ஆபத்து எவ்ளோன்னு கேட்டதுக்கு சர்ஜன் ஆயிரத்துல ஒண்ணு ரெண்டுன்னாரு, இவகிட்ட கேட்டதுக்கு "எனக்கும் பயமாத்தாங்கா இருந்துச்சு"ன்னா. எனக்கு ரெண்டு பதிலும் வேண்டியிருந்துச்சு.

இன்சூரன்ஸ் கதை ஒண்ணு இருக்கு, இதுல எனக்கே நான் கொஞ்சம் நன்றி சொல்லிக்கறேன். ஆறு வருஷமா பிரீமியம் கட்டற பாலிசி, முதல்ல "அழகுக்காக செய்யற சிகிச்சை"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அழகுக்கா! யாருகிட்ட. பதினஞ்சு வருஷம் மனு அடிச்சவ கிட்ட. இன்சூரன்ஸ் கம்பெனிங்கள கண்காணிக்கற ஐ.ஆர்.டி.ஏ.ஐ 2019ல போட்ட விதில பி.எம்.ஐ 40 இருந்தாலோ, 35 இருந்து கூட கடுமையான வியாதி இருந்தாலோ, டாக்டர் எழுதிக் குடுத்து, மத்த வழியில முயற்சி பண்ணி பலிக்காம போயிருந்தா, இந்த ஆபரேஷன ஒதுக்க முடியாதுன்னு தெளிவா இருக்கு. எங்க கடைல டீ குடிக்க வர்ற எல்.ஐ.சி. ஏஜென்ட் அண்ணன்தான் எடுத்து காட்டினாரு, அவரு கம்பெனியே இல்ல, கமிஷனும் இல்ல, ரெண்டு சாயங்காலம் உக்காந்து பாரா பாராவா படிச்சு சொன்னாரு. மத்த வழி பலிக்கலன்னு ஆதாரம் வேணும்ல? நான்தான் எந்த பேப்பரையும் தூக்கி போடாதவளாச்சே. டயட் சார்ட்டு, பவுடர் பில்லு, ஜிம் ரசீது, எடை எழுதின நோட்டு, வருஷ வாரியா அடுக்கி, இணைப்பு 23 பக்கம்னு போட்டு அனுப்பினேன். பத்து வருஷ தோல்வி எல்லாம் முதல் தடவையா ஒரு காரியத்துக்கு உதவுச்சு. முழுசா இல்லன்னாலும் முக்கால்வாசி பணம் வந்துச்சு, மீதிக்கு என் வளையல்.

ஏலகிரி எக்ஸ்பிரஸ் லேடீஸ் சீசன் டிக்கெட் கும்பலுக்கு. எண்டாஸ்கோப்பி, மயக்க டாக்டர், மனநல டாக்டர், டயட்டீஷியன்னு ஆறு தடவ சென்னை போக வேண்டியிருந்துச்சு, காட்பாடில ஏறும்போதே எனக்கு வயித்த கலக்கும், டெஸ்ட்டுக்கு இல்ல, சீட்டுக்கு. நான் உக்காந்தா பக்கத்துல இருக்கறவங்க ஒரு பெருமூச்சு விடுவாங்க, அத கேட்டு கேட்டு நின்னுக்கினே போயி பழகினவ. நீங்க பூ கட்டிக்கினே, பேச்ச கூட நிறுத்தாம தள்ளி உக்காந்தீங்க. மூணாவது தடவ எனக்குன்னு ஜன்னலோரம் இடம் போட்டு வெச்சிருந்தீங்க. அரக்கோணத்துல எறங்கற அக்கா குடுத்த ரெண்டு இட்லிய நான் வேணாம்னு சொன்னப்போ கோவிச்சுக்கிட்டாங்க, அக்கா, அன்னிக்கு எனக்கு கல்லீரல் சுருங்கறதுக்குன்னு ரெண்டு வாரம் வெறும் புரோட்டீன் தண்ணிதான், இட்லி வாசனைக்கே கண்ணுல தண்ணி வந்துச்சு, நான் திமிரு புடிச்சவ இல்ல.

எதிர் கடை ஜெராக்ஸ் அண்ணனுக்கு. நமக்குள்ள ஒரு காப்பிக்கு 50 பைசா கொறைக்கறதுல எவ்ளோ சண்ட. அஞ்சு திங்கக்கிழம என் கடைய தெறந்து, உங்க பையன உக்கார வெச்சு, மனு ஒண்ணுக்கு இவ்ளோன்னு கணக்கெழுதி, ரப்பர் பேண்ட் போட்டு 7,460 ரூபா கொண்டாந்து குடுத்தீங்க. நான் உங்க இடத்துல இருந்தா செஞ்சிருப்பனான்னு தெரியல, நெசமா. இனிமேலும் 50 பைசா கொறைப்பேன், அது வேற.

ஆஸ்பத்திரில நைட் டியூட்டி சிஸ்டருக்கு. ஆபரேஷன் முடிஞ்சு அன்னிக்கு ராத்திரியே என்ன நடக்க விட்டீங்க, கால்ல ரத்தம் கட்டிக்க கூடாதுன்னு. நான் வலில உங்கள இன்னா இன்னாவோ திட்டினேன், எல்லாம் சுத்த வேலூர் பாஷைல, நீங்க தூத்துக்குடி பக்கம், பாதி புரிஞ்சிருக்காதுன்னு நம்பறேன்.

அவருக்கு தனியா நன்றி சொன்னா கூச்சப்படுவாரு. ராணிப்பேட்டைல ஷூ கம்பெனி, ராத்திரி ஒம்போதுக்கு வருவாரு. நான் தண்ணி ஆகாரத்துல இருந்த ஒரு மாசமும் மாடில போயி, லைட் இல்லாம, தட்ட மடில வெச்சுக்கினு சாப்பிட்டுட்டு வாய் கொப்புளிச்சுட்டுதான் கீழ எறங்குவாரு, ரசம் வாசன கூட வர கூடாதுன்னு. யாரும் சொல்லிக் குடுக்கல. ஏழாவது மாசம் ஆம்பூர் கூட்டினு போயி பிரியாணி ஒண்ணு வாங்கி, நான் நாலு ஸ்பூனு சீரக சம்பாவும் ஒரு கறித்துண்டும் கத்திரிக்கா கொத்சும், மெதுவா, எண்ணி எண்ணி மென்னு தின்னேன். அஞ்சாவது ஸ்பூன் எடுத்தேன், வேணாம்னு தோணுச்சு. வேணாம்னு தோணறது எப்படி இருக்கும்னு எனக்கு 44 வயசுலதான் தெரிஞ்சுது. மீதி அவரு சாப்பிட்டாரு. அவருதான் இப்போ ஆறு கிலோ ஏறியிருக்காரு.

எல்லாம் தேனும் பாலும்னு நெனச்சுக்காதீங்க. முடி கொட்டுச்சு, அவசரமா முழுங்கி ஆற்காட்டுல ஒரு கல்யாண பந்திலயே வாந்தி எடுத்தேன், நெஞ்செரிச்சல் மாத்திரை இன்னும் ஓடுது. ஆனா இன்சுலின் ஊசி நின்னுடுச்சு, சுகர் மாத்திரை மூணு ஒண்ணாச்சு, மூச்சு மெஷினு பரண்ல ஏறிடுச்சு.

கடை பேரு மட்டும் மாறல. போர்டுல வேற பேரு இருந்தாலும் ஆட்டோக்காரங்களுக்கு அது "குண்டக்கா ஜெராக்ஸ்"தான். ரொம்ப காலம் சாமி இல்லாம கெடந்த நம்ம கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோவில்ல 1981லயே சாமி வந்து உக்காந்துட்டாரு, வெளியூர்க்காரங்க இன்னமும் சாமி இல்லாத கோவில்னுதான நம்மள கிண்டல் பண்றாங்க, அது மாதிரி இதுவும் ஓடட்டும்.

கடைசியா டைலர் அக்காவுக்கு, லாங் பஜார் சந்துல. மத்த பொம்பளைங்களுக்கு டேப்ப வெச்சு முப்பத்தாறு, முப்பத்தெட்டுன்னு சத்தமா சொல்லுவ, கூட இருக்கற பொண்ணு எழுதிக்கும். என் முறை வந்தா மட்டும் பேச்ச வேற எங்கயோ இழுத்துட்டு, பென்சில நீயே வாங்கி நீயே எழுதிக்குவ. பத்து வருஷத்துக்கு மேல. நான் கவனிக்கலன்னு நெனச்சிருப்ப. போன மாசம் வந்தப்போ நானே சொன்னேன், அக்கா, இந்த தடவ சத்தமா சொல்லுன்னு. நீ டேப்ப பாத்த, என்ன பாத்த, அந்த பொண்ணு கைல இருந்து பென்சில வாங்கி எழுதிட்டு, "கை பழகிடுச்சுடி, வெள்ளிக்கிழம வந்து வாங்கிக்கோ"ன்ன.

இப்படிக்கு,
குண்டக்கா ஜெராக்ஸ்
இணைப்பு: எதுவும் இல்லை