மூப்பர் தேர்வு: பெயர் கொடுக்கும் முன்

சபையார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சபையை வழிநடத்தும் புதிய மூப்பர்களுக்கான பெயர்களை வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் வாங்குகிறோம்.

அதற்கு முன் 1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரத்தை வீட்டில் ஒருமுறை வாசித்துவிடுங்கள். அதில் சொல்லும் தகுதிகளில் திறமை என்று பார்த்தால் போதிக்கத் தெரிந்திருப்பதும் வீட்டை நன்றாக நடத்துவதும்தான். மீதி பெரும்பாலும் குணம்: குடிக்கு அடிமையாகாதவர், பண ஆசை இல்லாதவர், சண்டைக்குப் போகாதவர். நாமோ குரல் வளத்தையும் வாசலில் நிற்கும் காரையும் பார்த்துக் கை தூக்கிவிடுகிறோம்.

7-ஆம் வசனம் வெளியாரிடமும் நற்பெயர் வேண்டும் என்கிறது. சுங்கை சிப்புட் மாதிரி எஸ்டேட் ஊரில் இதை விசாரிப்பது பெரிய வேலையில்லை. ஒட்டுக்கடையில் வைத்த கடனைக் கட்டுகிறாரா? செம்பனைக் காட்டில் தனக்குக் கீழே வேலை செய்யும் வங்காளதேசத் தம்பிகளிடம் எப்படிப் பேசுகிறார்? பக்கத்துக் கோயில் கமிட்டிக்காரர்கள் அவரை நம்புவார்களா? வீட்டம்மாவிடமும் கேட்கலாம், அவர் உண்மையைச் சொன்னால்!

எருசலேமில் விதவைகளின் அன்றாடச் சாப்பாட்டைக் கவனிக்கவே நற்சாட்சி பெற்ற 7 பேரைத் தேடினார்கள் (அப்போஸ்தலர் 6). நம் கட்டட நிதியைக் கையாளுகிறவரிடம் அதைவிடக் குறைவாக எதிர்பார்க்க முடியாது.

அப்புறம், இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பர்மேல் குற்றச்சாட்டை ஏற்கக் கூடாது (1 தீமோத்தேயு 5:19). அதனால் யாரைப் பற்றியும் இந்தக் குழுவில் குரல் பதிவு போடாதீர்கள். சொல்ல ஏதாவது இருந்தால் போதகர் ஐயாவிடம் நேரில் பேசுங்கள். சீட்டில் ஒருவர் பெயரை எழுதும் முன் அந்த நபரிடமே சம்மதம் கேட்டுவிடுங்கள்.