மஞ்சள் படிவத்தைத் தமிழில் நிரப்ப நாம் தயாரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் நடந்த அவசரகால ஆயத்தநிலை நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். தீயணைப்பானை எப்படிப் பிடிப்பது, நின்றுபோன இதயத்தை நெஞ்சை அழுத்தி எப்படி மீட்பது, இரத்தப்போக்கை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று தொண்டூழியர்கள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் நான் குறை காணவில்லை. ஆனால், பெரிய விபத்து ஒன்றில் பிழைக்காமல் போனவர்களை யார், எப்படி அடையாளம் காண்பார்கள், அப்போது குடும்பத்தாரிடம் என்னென்ன கேட்பார்கள் என்பதைப் பற்றி அன்று யாரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பேச்சை எடுப்பதே அபசகுனம் என்று நம்மில் பலர் நினைப்பதும் அதற்கு ஒரு காரணம். 31 ஆண்டுகள் பல் மருந்தகங்களில் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்ற நான், அந்தப் பேச்சைத் தொடங்கி வைக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த மருந்தகத்துக்குக் காவல்துறை அதிகாரி ஒருவர் வந்து, தீயில் இறந்துபோன ஒருவரின் பல் அட்டையைக் கேட்டார். முகத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாத நிலை என்று மட்டும் சொன்னார். அலமாரியில் தேடி அந்த அட்டையை எடுத்தேன். 32 பற்களின் படம் அச்சிட்ட சாதாரண அட்டைதான். கீழ் வலப்பக்கக் கடைவாய்ப் பல்லில் வெள்ளிப் பூச்சு அடைத்திருந்ததும், மேல்வரிசை முன்பல் ஒன்றின் ஓரம் உடைந்திருந்ததும், வேர் சிகிச்சை செய்த பல் எது என்பதும் என் கையெழுத்திலேயே அதில் குறிக்கப்பட்டிருந்தன. அதோடு தபால்தலை அளவுள்ள எக்ஸ்ரே படங்கள் இரண்டும் செருகியிருந்தன. அடைப்பின் வடிவம் ஒருவருக்கு இருப்பதுபோல் இன்னொருவருக்கு இருக்காது; உடம்பிலேயே மிகக் கடினமான பொருளான பல்லின் மேற்பூச்சு, தசையெல்லாம் கருகும் தீயையும் தாங்கி நிற்கும். மறுநாள் அடையாளம் உறுதியாகிவிட்டதாகத் தகவல் வந்தது. பழைய அட்டைகளைக் கிழித்துப் போடச் சொன்னபோதெல்லாம் அந்த நாள் என் நினைவுக்கு வந்திருக்கிறது.

பெருவிபத்துகளில் இறந்தோரை அடையாளம் காண்பதற்கு உலக நாடுகள் ஏறத்தாழ ஒரே நடைமுறையைப் பின்பற்றுகின்றன. அதற்கான வழிகாட்டியை அனைத்துலகக் காவல்துறை அமைப்பான இன்டர்போல் 1984ல் முதன்முதலாக வெளியிட்டது. விபத்து நடந்த இடத்தில் ஒவ்வோர் உடலுக்கும், சிதைந்த ஒவ்வோர் உடற்பகுதிக்கும் தனித்தனி எண் கொடுத்து, கிடந்த நிலையிலேயே படமெடுத்த பிறகுதான் அதை அப்புறப்படுத்துவார்கள். அந்த எண் கடைசிவரை மாறக்கூடாது. சவக்கிடங்கில் மருத்துவர்கள் கண்டறிவதெல்லாம் இளஞ்சிவப்புப் படிவத்தில் ஏறும். காணாமல் போனவர் உயிரோடு இருந்தபோது எப்படி இருந்தார் என்று குடும்பத்தார், மருத்துவர், பல் மருத்துவர் ஆகியோரிடம் கேட்டறியும் விவரங்கள் மஞ்சள் படிவத்தில் ஏறும். இரண்டையும் நிபுணர்கள் ஒப்பிட்டுப் பார்த்து, கைரேகை, பல், மரபணு ஆகிய மூன்றில் ஒன்றாவது ஐயமின்றிப் பொருந்தினால்தான் பெயரை உறுதிசெய்வார்கள். தழும்பு, பச்சைகுத்திய அடையாளம், நகை, உடை ஆகியவை துணைச் சான்றுகளே. உறவினர் முகத்தைப் பார்த்து “இவர்தான்” என்று சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்கமாட்டார்கள்.

பெற்ற தாய்க்குத் தன் பிள்ளையைத் தெரியாதா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் முன்பு அப்படித்தான் தோன்றியது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் என் அத்தை மகனின் மனைவியும் ஒருவர். மூன்றாம் நாள், வரிசையாகக் கிடத்தியிருந்த உடல்களில் ஒன்றின் மேலிருந்த நீலப் புடவையைப் பார்த்துவிட்டு, அது தன் மனைவிதான் என்று சொல்லி அத்தான் அடக்கத்துக்குச் சம்மதித்தார். முகம் உப்பி நிறம் மாறியிருந்ததால், புடவையைத் தவிர அவருக்குப் பிடிமானம் எதுவும் இல்லை. நான்கு மாதம் கழித்து, நாகை டவுனிலிருந்து ஒரு தையற்காரர் தேடி வந்து, அத்தானின் மனைவி ஃபால்ஸ் தைக்கக் கொடுத்திருந்ததாகச் சொல்லி அந்த நீலப் புடவையை அத்தான் கையில் கொடுத்தார். தாம் அடக்கம் செய்தது யாரை, தம் மனைவியை யார் எந்தக் குழியில் வைத்தார்கள் என்பது அத்தானுக்கு இன்றுவரை தெரியாது. அங்கிருந்தவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. உடல்கள் கிடந்தால் கொள்ளைநோய் பரவும் என்ற அச்சத்தில் எல்லாரும் அவசரப்பட்டார்கள். உண்மையில், அடிபட்டோ மூழ்கியோ இறந்தவர்களின் உடல்களால் ஊரில் கொள்ளைநோய் பரவுவதில்லை. ஒரு படமும் ஓர் எண்ணும் ஒரு குறிப்பும் எடுத்துவைக்கும் அளவுக்கு நேரம் இருந்தது.

அதே பேரலைக்குப் பிறகு தாய்லாந்தின் புக்கெட்டில் பல நாட்டுத் தடயவியல் குழுக்கள் ஒன்றுகூடி மாதக்கணக்கில் வேலை செய்தன. தொடக்க மாதங்களில் அடையாளம் காணப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குக் கைகொடுத்தவை பல் பதிவுகளே. அதனால் அத்தகைய பதிவு இருந்த வெளிநாட்டுச் சுற்றுப்பயணிகளின் பெயர்கள் முன்னதாகத் தெரிந்தன. பல் மருத்துவரிடம் போகும் வழக்கமில்லாத எளியவர்களின் குடும்பங்கள் கூடுதலாகக் காத்திருந்தன. பதிவு இல்லாதவர்கள் கடைசியில் நிற்கும் இந்த நிலைதான் எனக்கு நம் மக்களை நினைத்துக் கவலை தருகிறது.

சிங்கப்பூர் சிறிய நாடு என்பதால் இதெல்லாம் நமக்கு வராது என்று சொல்வதற்கில்லை. 1978ல் ஜூரோங் கப்பல் பட்டறையில் ஸ்பைரோஸ் எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 பேர் இறந்தார்கள். 1986 மார்ச் 15ஆம் தேதி, சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்தில், நாம் அன்றாடம் நடமாடும் தேக்காவுக்கு அருகிலேயே, ஹோட்டல் நியூ வோர்ல்டு ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமானது. 17 பேர் மீட்கப்பட்டார்கள். 33 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் அதை வடிவமைத்திருந்தார்கள் என்பது பின்னர் விசாரணையில் தெரியவந்தது. கட்டடப் பாதுகாப்புச் சட்டங்கள் இறுகியது அதன் பிறகே. இடிபாடுகளும் தடயம்தான் என்பதை மறக்காதவர்கள் செய்த விசாரணை அது. 1997ல் சில்க்ஏர் விமானம் இந்தோனீசியாவின் மூசி ஆற்றில் விழுந்து நொறுங்கியதில் 104 பேர் மாண்டார்கள். அவர்களில் அடையாளம் காணப்பட்டவர்கள் வெகு சிலரே. 2000ல் தைப்பே விமான நிலையத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் தீப்பிடித்து 83 பேர் இறந்தார்கள்.

நம் தடயவியல் நிபுணர்களின் திறமையில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. இளஞ்சிவப்புப் படிவத்தை அவர்கள் குறையின்றி நிரப்புவார்கள். மஞ்சள் படிவத்தை நிரப்ப வேண்டியவர்கள் நாம். நம்மில் பலரும், குறிப்பாகத் தங்குவிடுதிகளில் வசிக்கும் தமிழ் ஊழியர்களின் குடும்பங்களும், அதற்கு ஆயத்தமாக இருக்கிறோமா என்பதே என் கேள்வி.

பெயரிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கடப்பிதழில் தந்தை பெயர் முன்னால் வரும். சம்பளச் சீட்டில் பின்னால் வரும். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஊரில் அம்மாவிடம் கேட்டால், வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்வார். பிறந்த நாளைக் கேட்டால், ஆடி மாதம் அம்மன் கோயிலில் தீமிதி நடந்த மறுநாள் பிறந்தான் என்பார்; பள்ளியில் சேர்த்தபோது எழுதிய வேறொரு தேதி கடப்பிதழில் இருக்கும். இரண்டும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள, மொழி தெரிந்தால் மட்டும் போதாது, ஊர்ப்பழக்கமும் தெரிந்திருக்க வேண்டும். இடுப்பில் கருப்பு அரைஞாண் கயிறு கட்டியிருந்தாரா, அதில் தாயத்துக் கோத்திருந்ததா, வெள்ளியா செம்பா, காதுகுத்திய துளை தூர்ந்துபோயிருந்ததா என்றெல்லாம் கேட்கத் தெரிந்த ஒருவர் தமிழில் கேட்டால்தான் அந்தத் தாய்க்குச் சொல்லத் தோன்றும்.

வேலை அனுமதி அட்டைக்காக ஊழியர்களின் கைரேகை பதிவாகிவிடுகிறதே என்று கேட்கலாம். பதிவாகிறதுதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் சிமெண்டுக் கலவையைத் தொட்ட விரல்களில் ரேகை தேய்ந்துபோவது உண்டு. தீவிபத்தில் விரலே மிஞ்சாமலும் போகலாம். அப்போது மரபணுவைத்தான் நம்ப வேண்டும். மனைவி இரத்த உறவு இல்லையாதலால் அவருடைய மாதிரியை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பெற்றோர் அல்லது பிள்ளைகளின் மாதிரி வேண்டும், அவர்களோ புதுக்கோட்டையிலும் அறந்தாங்கியிலும் இருப்பார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே நிறுவனத்தில் ஒரே லாரியில் வேலைக்குப் போவது நாம் நாள்தோறும் பார்ப்பது. இருவரும் ஒரே விபத்தில் சிக்கினால், பெற்றோரின் மரபணு “இவர் உங்கள் மகன்” என்று சொல்லுமே தவிர, மூத்தவரா இளையவரா என்று சொல்லாது. பல்லில் ஓர் அடைப்பு இருந்து, அது எங்கேனும் எழுதப்பட்டிருந்தால், அந்தக் கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

ஆகவே உரிய அமைச்சுகளும் தங்குவிடுதி நடத்துநர்களும் தமிழ் அமைப்புகளும் சேர்ந்து, எளிய தமிழில் ஒரு பக்க விவரத்தாள் ஒன்றைத் தயாரிக்க வேண்டுகிறேன். கடப்பிதழில் உள்ளபடி பெயர், ஊரில் வழங்கும் பெயர், ஊரில் உள்ள இரண்டு உறவினரின் தொலைபேசி எண், பழைய எலும்பு முறிவு, உடலில் பொருத்திய தகடு, தழும்பு, பச்சை, பற்களின் நிலை ஆகியவை அதில் இருந்தால் போதும். அந்தத் தாள் முதலாளியிடம் போகக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஊழியர் நிரப்பி, ஊரில் உள்ள குடும்பத்துக்கே அனுப்பி வைக்கட்டும். கூடவே பல் தெரியச் சிரித்த ஒரு படத்தையும் கைப்பேசியில் எடுத்து வீட்டுக்கு அனுப்பட்டும். பல் பதிவே இல்லாத நிலையில், சிரித்த படத்தில் தெரியும் முன்பற்களின் அமைப்பை வைத்தும் நிபுணர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு. நம் பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பும் படங்களில் பாதி, வாயை இறுக மூடிக்கொண்டு எடுத்தவை.

அடுத்து, மஞ்சள் படிவ நேர்காணலுக்கென்று தமிழ் தெரிந்த தொண்டூழியர்களை முன்கூட்டியே பயிற்றுவிக்க வேண்டும். துயரத்தில் உறைந்திருக்கும் தகப்பனிடம் மகனின் பல்லைப் பற்றிக் கேட்பது, நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பதைப் போன்ற வேலை அன்று. விபத்து நடந்த இரவில், கிடைத்தவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தால் அது நடக்காது.

இறுதிச் சடங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடலை வைத்துக்கொண்டு காத்திருக்கலாகாது, அன்றே எடுத்துவிட வேண்டும் என்பது இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் ஊறிப்போன வழக்கம். 2025 ஜூன் 12ஆம் தேதி அகமதாபாத்தில் 260 பேர் உயிரிழந்த விமான விபத்துக்குப் பிறகு, மரபணு முடிவு வரும்வரை குடும்பங்கள் நாள்கணக்கில் மருத்துவமனை வாசலில் காத்துக் கிடந்ததைப் பார்த்தோம். அந்தக் காத்திருப்பு அவமரியாதை ஆகாது என்று அச்சமயத்தில் அதிகாரி சொன்னால் யார் காதிலும் ஏறாது. கோயில் அர்ச்சகரும் பள்ளிவாசல் இமாமும் தேவாலயப் போதகரும் முன்பே சொல்லியிருந்தால் ஏறும். அவசரகாலப் பயிற்சிகளில் அவர்களுக்கும் ஓர் இடம் கொடுங்கள். அவசரத்தில் தவறான உடலை எரித்துவிட்டால் இரண்டு குடும்பங்களுக்குக் கேடு. பெயர் உறுதியாகாமல் மரணச் சான்றிதழ் கிடைக்காது. அது இல்லாமல் காப்புறுதித் தொகையோ இழப்பீடோ வராது, ஊரில் பட்டா மாற்றவும் முடியாது. காணாமல் போனவர் இறந்துவிட்டதாகச் சட்டம் கருதுவதற்குப் பொதுவாக ஏழு ஆண்டுகள் ஆகும். அந்த ஏழு ஆண்டுகளும் அவருடைய மனைவி பொட்டு வைப்பதா வேண்டாமா என்பதையும் ஊரே பேசும்.

விவரத்தாளில் பற்களைக் குறிப்பதற்குப் பல் மருத்துவர்தான் வேண்டுமென்பதில்லை. ஒரு கைவிளக்கும் ஒரு சிறு கண்ணாடியும் பழகிய கண்ணும் இருந்தால் ஓர் ஆளுக்குப் பத்து நிமிடம் போதும். என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற தோழியர் இருவரும் நானும், ஞாயிற்றுக்கிழமைகளில் எந்தத் தங்குவிடுதி அழைத்தாலும் வந்து அந்த வேலையைச் செய்துதர ஆயத்தமாக இருக்கிறோம். தாங்கள் அனுமதித்தால், தங்கள் அலுவலகத்தின் வழியாக எங்களைத் தொடர்புகொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பல் மருந்தக உதவியாளர்,
ஈசூன்