அடும்பு பூத்த வழி

அன்புள்ள மகளுக்கு,

தொலைபேசியில் நீ கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறேன் என்றே சொல்லி வந்தேன். அது உண்மையில்லை என்பது உனக்குத் தெரிந்திருந்தும் நீ வற்புறுத்தாமல் விட்டதற்கு நன்றி. அம்மா போய் நான்கு மாதங்கள் ஆகின்றன. வருகிறவர்கள் எல்லாரும் மனத்தைத் தேற்றிக்கொள்ளச் சொல்ல, அதற்குத் தலையாட்டித் தலையாட்டியே நான் அழாமல் இருந்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை, அம்மாவும் நானும் ஆண்டுதோறும் நடந்த கடலோரப் பாதையில் முதன்முறையாகத் தனியாக நடந்தேன்.

வெயில் ஏறுவதற்குள் மணல்மேடுகளை அடைந்தேன். மேடு முழுவதும் அடும்பு படர்ந்து பூத்திருந்தது. அதன் இலை மானின் குளம்பைப் போல நுனியில் பிளந்திருக்கும்; பூ, கத்தரிப்பூ நிறத்தில் சிறு புனலைப் போல விரிந்து, உள்ளே போகப் போகக் கருத்திருக்கும். உட்கார்ந்து ஒரு கொடியைத் தூக்கிப் பார்த்தேன். கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் பிடித்திருந்ததால் அது எளிதில் வரவில்லை. காற்று ஓயாமல் அள்ளிக்கொண்டு போகும் மணலை இந்தக் கொடியும், உருண்டை உருண்டையாகக் கதிர் விடும் இராவணன் மீசைப் புல்லும்தான் மேடாக நிறுத்தி வைக்கின்றன என்று அம்மா ஒவ்வொரு முறையும் சொல்வாள். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பது போலக் கேட்டுக்கொள்வேன்.

பாதை சற்றே வளையும் இடத்தில், மும்மூன்று இலைகளும் அவரைப்பூவைப் போன்ற இளஞ்சிவப்புப் பூக்களுமாக இன்னொரு கொடி தரையோடு ஓடியது. அதன் பெயர் நினைவுக்கு வரவில்லை. "இது என்ன பூ?" என்று வாய்விட்டுக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் திரும்பினேன்.

அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன், மகளே. எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. சங்கப் பாடல்களில் கடற்கரையான நெய்தல் நிலத்துக்கு இரங்கலை, அதாவது பிரிவால் வருந்துவதை, உரிப்பொருளாக வைத்தார்கள் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தபோது, ஏன் கடற்கரைக்கு அதை வைத்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. அன்று அலையோசையில் என் அழுகை எனக்கே முழுதாகக் கேட்கவில்லை. தேற்றவும் ஆள் இல்லை, அடக்கிக்கொள்ளவும் அவசியம் இல்லை. அழுவதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது.

எழுந்து மீதித் தொலைவையும் நடந்தேன். துக்கம் குறைந்துவிட்டது என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று வீட்டுக்கு வந்ததும் பசித்தது. பல நாட்களுக்குப் பிறகு இரவு முழுவதும் தூங்கினேன். பூ எதையும் பறிக்கவில்லை, அம்மாவுக்குப் பிடிக்காது. உலர்ந்து வெடித்திருந்த ஓர் அடும்பங்காயிலிருந்து விதைகளை மட்டும் எடுத்து வந்தேன். மேலே பழுப்பு நிறத்தில் வெல்வெட்டைப் போன்ற மயிர் மூடியிருக்கிறது. கடலில் மிதந்து போய் வேறு கரையிலும் முளைக்கக் கூடிய விதை இது. உனக்காக ஒரு சிமிழில் போட்டு வைத்திருக்கிறேன்.

நீயும் அங்கே தனியாக அடக்கிக்கொண்டுதான் இருக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. விடுமுறை கிடைத்ததும் வா, இருவரும் சேர்ந்து அந்தப் பாதையில் நடக்கலாம். அந்த இளஞ்சிவப்புப் பூவின் பெயர் உனக்கு நினைவிருக்கிறதா? அம்மா உன்னிடம் கட்டாயம் சொல்லியிருப்பாள். காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். பிற்பகலுக்குள் அடும்பம்பூ சுருங்கிவிடும்.

அன்புடன்,
அப்பா