நாக்பூர்க்காரியைக் கேட்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் பேத்தியும் நலம்தானே? போனில் சொன்னால் பாதி கேட்பாய், மீதிக்கு "சரிப்பா, சரிப்பா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். பத்திரமாக வை, கூண்டு கட்டும்போது தேவைப்படும்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். உன் மாடியில் பந்தயப் புறா வளர்க்க நம் நாக்பூர்க்காரிப் புறாவைக் கேட்டாய். அவளைத் தர முடியாது. கோபித்துக்கொள்ளாதே.

அவளைப் பெங்களூர் கொண்டுபோய் ஆறு மாதம் அடைத்து வைத்து, வேளாவேளைக்குத் தீனி போட்டாலும், கதவைத் திறக்கிற அன்றைக்கு உன் மாடியை ரெண்டு வட்டம் அடித்துவிட்டுக் கிழக்கே திரும்பிவிடுவாள். அங்கிருந்து பெரம்பூருக்கு ஆகாய வழியில் 290 கிலோமீட்டர்தான். நாக்பூரிலிருந்து 900 கிலோமீட்டர் பறந்து வந்தவளுக்கு அது ஒரு தூரமா? காற்று சரியாக இருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே இருப்பாள், வழியில் வல்லூறு அடிக்காமல் இருந்தால். கால் வளையத்தில் பிறந்த வருஷம் 2017 என்று இருக்கிறது, பார்த்திருப்பாய். இந்த வயசில் அவளை அந்தப் பரீட்சைக்கு அனுப்ப எனக்கு மனசில்லை. வெளியே விடாமல் குஞ்சுக்காக மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்பாய். அப்படி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் வலைக்குப் பின்னால் இருந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் புறாவோடு உன்னால் இருக்க முடியாது. சின்ன வயசில் ரெக்கை கட்டிய புறாவைப் பார்த்து அழுத பெண் நீ.

ரெண்டு ஊருக்கும் போய்வரப் பழக்க முடியாதா என்று கேட்டாய். ஒடிசா போலீஸ் அதைச் செய்திருக்கிறது. 1946இல் புறாத் தபால் ஆரம்பித்து, வயர்லெஸ் எல்லாம் வந்த பிறகும் விடாமல் வைத்திருந்தார்கள். 1999 பெரும் புயலில் கம்பித் தொடர்பு அறுந்தபோது அந்தப் புறாக்கள்தான் சேதி கொண்டுபோயின. அவர்களிடம் போய்த் திரும்பி வரும் பழக்கமும் இருந்தது. ஒரு இடத்தில் தீனி, இன்னொரு இடத்தில் கூடு. பசித்தால் அங்கே, வயிறு நிறைந்தால் இங்கே. அதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள் வேண்டும், தினம் தவறாத ஒழுங்கு வேண்டும். நீயும் நானும் செய்கிற வேலை இல்லை அது.

அதனால் குஞ்சு தருகிறேன். நாக்பூர்க்காரி போன வாரம் முட்டை வைத்திருக்கிறாள். முதல் முட்டை சாயங்காலம், நடுவில் ஒரு நாள் விட்டு மறுநாள் மத்தியானம் ரெண்டாவது, எப்போதும் போல. அநேகமாக இதுதான் அவளுடைய கடைசி ஈடு. அவளைக் குஞ்சு வளர்க்கவிட்டு அலுக்கவைக்கக் கூடாது என்று முட்டைகளை எடுத்து, அதே நாளில் முட்டையிட்ட இளம் செக்கர் (ரெக்கையில் கட்டம் போட்ட) ஜோடிக்கு மாற்றி வைத்துவிட்டேன். நாள் ஒத்துப்போக வேண்டும், அது முக்கியம். குஞ்சு பொரிக்கிற சமயத்தில்தான் புறாவுக்குத் தொண்டைப் பையில் பால் சுரக்கும். முன்னேபின்னே ஆனால் குஞ்சு பட்டினி. தாய் மட்டுமில்லாமல் தகப்பனும் பால் கொடுக்கிற ஜாதி இது. உன் அம்மாவிடம் சொன்னேன். "அதுகிட்டயாவது கத்துக்கோங்க" என்றாள்.

ரெண்டாவது முட்டை வைத்ததிலிருந்து 17, 18 நாளில் பொரிக்கும். ஏழாம் நாள் வாக்கில் வளையம் போட்டுவிடுவேன், தாண்டினால் பாதம் பெருத்து வளையம் ஏறாது. 28ஆம் நாள் ரெக்கைக்கு அடியில் முடி மூடியிருக்கும், தானாகக் கொத்தித் தின்னும், ஆனால் பறந்திருக்காது. அப்போது நீ எடுத்துப்போக வேண்டும். நம் மாடியிலிருந்து ஒரு தடவை ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டால் பிறகு அதுவும் இந்த வீட்டுப் பிள்ளை ஆகிவிடும். உன் மாடியிலிருந்து முதன்முதலாக வானம் பார்த்தால்தான் உன் வீட்டுக்குத் திரும்பும்.

அதற்குள் கூண்டு தயாராக இருக்க வேண்டும். கூண்டு ரெடி என்று போட்டோ அனுப்பாமல் குஞ்சு கேட்டு வராதே. கிழக்குப் பார்த்து வை, காலை வெயில் உள்ளே விழ வேண்டும். எட்டுக்கு ஆறு அடி கூண்டில் 20 உருப்படிக்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். ஆசை யாரை விட்டது, "இந்த ஒரு ஜோடி மட்டும்" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். பந்தயக்காரர்கள் தோற்பது பெரும்பாலும் நெரிசலில்தான், ரெக்கையில் இல்லை. தரையை ஒரு அடி தூக்கி வலை போட்டுவிடு, எச்சம் கீழே விழட்டும். அரை அங்குல வலை, எலி நுழையக் கூடாது. எங்களுக்கு இங்கே வெயில்தான் எதிரி, கூரை மேல் தென்னை ஓலை போட்டுச் சமாளிக்கிறோம். உங்களுக்குச் சாரலும் ஈரமும். மேலே காற்று வெளியேற வழி விடு, புறா உட்காரும் உயரத்தில் காற்று நேராக அடிக்கக் கூடாது.

நோய் பற்றி நீ மருந்துப் பட்டியல் கேட்டாய். பட்டியல் தர மாட்டேன். காலையில் கூண்டைத் திறந்ததும் முதலில் எச்சத்தைப் பார். உருண்டையாக, மேலே வெள்ளைத் தொப்பி வைத்து, பக்கத்தில் ஒரு சின்ன இறகு கிடந்தால் எல்லாம் நலம். பச்சையாகத் தண்ணீர் போல இருந்தால் யாருடையது என்று கண்டுபிடித்துத் தனியே எடு. அதன் பிறகுதான் டாக்டர், அதற்கும் பிறகுதான் மருந்து. கடையில் கலர் கலராகப் பொடி விற்கிறார்கள். எல்லாவற்றுக்கும் கேட்கும் என்பான். எல்லாவற்றுக்கும் கேட்கிற மருந்து எதற்கும் கேட்காது. ஆன்டிபயாடிக்கைச் சும்மா தண்ணீரில் கலந்து கொடுத்தே நல்ல புறாக்களைச் சொத்தையாக்கியவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இருந்தாலும் சிலதைத் தெரிந்து வைத்துக்கொள். வாயைத் திறந்து பார்த்தால் தொண்டையில் மஞ்சளாகப் பாலாடைக்கட்டி மாதிரி ஒட்டியிருந்தால், அது தண்ணீரில் பரவும் ஒட்டுண்ணி. தாய் தகப்பன் பாலிலிருந்தே குஞ்சுக்கு ஏறிவிடும். மருந்து உண்டு, சீக்கிரம் பார்த்தால் பிழைக்கும், கட்டியை விரலால் பிய்க்காதே, ரத்தம் கொட்டும். அலகு ஓரத்திலும் கண்ணைச் சுற்றியும் கொப்புளம் வந்து காய்ந்தால் அம்மை. அது கொசுவால் வருவது, அதனால் சாயங்காலம் கூண்டுக்குக் கொசுவலை. இறகுக்குள் தட்டையாக ஒரு ஈ ஓடும், பிடித்தாலும் நசுங்காது, அருவருப்பாக இருக்கும். அந்த ஈதான் புறா மலேரியாவைக் கொண்டுவருகிறது. வாரம் ஒருமுறை அகலத் தாம்பாளத்தில் குளிக்கத் தண்ணீர் வை, மாதம் ஒருமுறை கூட்டு மூலைகளைச் சுரண்டிக் கழுவு.

நான் நிஜமாகவே பயப்படுவது கழுத்து திருகும் நோய்க்குத்தான். கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சலின் பங்காளி அது. முதலில் தண்ணீர் நிறையக் குடிக்கும், எச்சம் வெறும் நீராகப் போகும், பிறகு தானியத்தைக் குறிபார்த்துக் கொத்தும், பக்கத்தில் படும். அப்புறம் தலை திருகிக்கொள்ளும். வைரஸ், வந்த பின் மருந்து இல்லை. கையால் ஊட்டிக் காப்பாற்றலாம், சிலது தேறும். தடுப்பூசிதான் வழி. புறாவுக்கென்றே தயாரித்த ஊசி கிடைத்தால் கழுத்துத் தோலுக்கடியில் டாக்டரை விட்டுப் போடு. கிடைக்காத இடத்தில் கோழிக்குப் போடும் லசோட்டா சொட்டைக் கண்ணில் விடுகிறார்கள், அது முழுக் காப்பு இல்லை. புதுப் புறா எது வந்தாலும், யார் கொடுத்தாலும், நான் கொடுத்தாலும், மூன்று வாரம் தனிக்கூண்டு.

அப்புறம் உன் மூச்சு. புறாவின் மேலிருந்து உதிரும் வெள்ளைப் பொடி சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை உண்டாக்கும். வருஷக்கணக்காகத் தெரியாது, பிறகு மாடிப்படி ஏறினால் இளைக்கும். சுரண்டுவதற்கு முன் தண்ணீர் தெளி, மாஸ்க் இல்லாமல் உள்ளே போகாதே. பேத்திக்கு இப்போதே சளி பிடிக்கிறது என்கிறாய். அவள் வெளியே நின்று பார்க்கட்டும், கூட்டுவதற்கு அவளை உள்ளே விடாதே. மாப்பிள்ளைக்கு இதில் சம்மதமா என்று நீ இதுவரை எனக்குச் சொல்லவில்லை.

தீனி பெரிய வித்தை இல்லை. ஒரு புறாவுக்கு நாளைக்கு 30 கிராம் சுமார். கம்பு, சோளம், கோதுமை, மக்காச்சோளம், பச்சைப் பயறு, பட்டாணி. குஞ்சு வளர்க்கும்போது பயறு கூட, சும்மா இருக்கும்போது குறைவு, தூரம் போகும் முன் மக்காச்சோளமும் கொஞ்சம் பச்சை வேர்க்கடலையும். பூஞ்சை வாசம் அடித்தால் மூட்டையோடு தூக்கிப் போடு, காசு போனால் போகட்டும். சிப்பித்தூள், செங்கல் பொடி, கரித்துண்டு, துளி உப்பு எப்போதும் ஒரு கிண்ணத்தில் இருக்கட்டும்.

பழக்குவது இதையெல்லாம் விடச் சுகம். தீனி டப்பாவைக் குலுக்கிக் கூப்பிடு. அந்தச் சத்தத்துக்குக் கூண்டுக்குள் இறங்கப் பழகாத புறா, முதலில் வந்து சேர்ந்தாலும் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்துகொண்டு உன் பந்தயத்தைத் தோற்கடிக்கும். முதல் தடவை வெளியே விடுவது சாயங்காலம், தீனிக்கு முன், பசியோடு. ஊரைச் சுற்றி ஒரு மணி நேரம் தளராமல் அடிக்கும்வரை தூரம் என்ற பேச்சே வேண்டாம். அப்புறம் கூடையில் கொண்டுபோய் ரெண்டு கிலோமீட்டர், அஞ்சு, பத்து, இருபது என்று தள்ளித் திறந்துவிடு. நாங்கள் விடுவது வடக்குக் கோட்டில். கும்மிடிப்பூண்டி, சூலூர்பேட்டை, கூடூர், நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா என்று ரயில் பாதையோடு ஏறுவோம். ரயில்வேயில் வேலை பார்த்ததில் எனக்கு அது வசதியாகப் போயிற்று. உங்கள் ஊர்க்காரர்கள் எந்தத் திசையில் விடுகிறார்கள் என்று கேட்டு அதே கோட்டில் பழக்கு. தேவனஹள்ளிப் பக்கம் மட்டும் கூடையைத் திறக்காதே, ஏர்போர்ட் இருக்கிறது.

புறாவுக்கு வழி எப்படித் தெரியும் என்று பேத்தி கேட்டாளாமே. சூரியனை வைத்துத் திசை பார்க்கும் என்று சொல். மேகம் மூடினால் பூமியின் காந்தத்தை வைத்து. வில்லியம் கீட்டன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1971இல் புறாக்கள் மேல் சின்னக் காந்தம் ஒட்டிவிட்டார். வெயில் நாளில் ஒழுங்காகத் திரும்பின, மேகமூட்டத்தில் குழம்பிப்போயின. இத்தாலியில் பீசா நகரத்து ஃபுளோரியானோ பாப்பி, வாசனையும் வழிகாட்டும் என்று காட்டினார். வீடு நெருங்கினால் ரோட்டைப் பார்த்துக்கூட வரும். உனக்கு இதில் வேண்டியது ஒன்றுதான். ஆரம்பத்தில் மேகம் கவிந்த நாளில் விடாதே.

பணம் பற்றி உன் அம்மாவுக்கு ஒரு சந்தேகம். பெல்ஜியத்தில் 2020இல் நியூ கிம் என்ற பொட்டைப் புறா 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் போன செய்தியை யாரோ அவளுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து என் கூண்டை வேறு கண்ணால் பார்க்கிறாள். நம் பந்தயத்தில் கிடைப்பது கோப்பையும் தெருவில் ஒரு பேச்சும். தீனிச் செலவுக்கே காணாது. பூதக்கண்ணாடியை வைத்துக் கண்ணைப் பார்த்து "இது சாம்பியன் கண்" என்று விலை சொல்பவன் வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடு. வீட்டுக்கு வந்து சேர்ந்த நேரத்தைப் பார், அதை விட வேறு கண் எதுவும் எனக்குத் தெரியாது. தூரத்தை நேரத்தால் வகுத்து நிமிஷத்துக்கு இத்தனை மீட்டர் என்று கணக்குப் போடுவார்கள். 1,200 வந்தால் நல்ல வேகம், மணிக்கு 72 கிலோமீட்டர்.

முதல் வருஷம் 300 கிலோமீட்டரைத் தாண்டாதே. தூரம் கூடக் கூட வராமல் போவது கூடும். நாக்பூருக்கு அனுப்பியதில் எத்தனை வந்தன என்று யாரும் பேசுவதில்லை, வந்ததைத்தான் பேசுவார்கள். நான் இப்போது விஜயவாடாவோடு நிறுத்திக்கொள்கிறேன். சங்கத்தில் கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும்.

ஆயுத பூஜை லீவுக்கு நாள் கணக்குச் சரியாக வருகிறது. காலை ரயிலில் வந்துவிட்டு மறுநாள் போ. மூங்கில் கூடை நான் தருகிறேன், அட்டைப்பெட்டி எடுத்துவராதே, காற்று போகாது. நாக்பூர்க்காரியின் ரெண்டு குஞ்சோடு இன்னொரு ஜோடியின் குஞ்சு ரெண்டையும் சேர்த்து நாலு தருகிறேன். மாப்பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எனக்கு போன் போடு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அம்மா கருவாடு கட்டி வைத்திருக்கிறாள். அதைக் குஞ்சுக் கூடைக்குப் பக்கத்தில் வைக்காதே, வாசத்துக்குப் பூனை வரும்.