காக்கைகள் எல்லோரும் அடிமைகள் அல்லர்

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த ‘அரபுகளின் காக்கைகள்’ கட்டுரை அன்தரா, குஃபாஃப், சுலைக், சுஹைம், நுஸைப் என்ற பழைய அரபுக் கவிஞர்கள் ஐவரையும் ‘ஆப்பிரிக்க அடிமைக் கவிஞர்கள்’ என்று ஒரே கூடையில் போட்டுவிட்டது. கோளாறு அங்கேதான்.

‘காக்கை’ என்பது கறுத்த தாய் வயிற்றில் பிறந்தவர்களுக்கு வந்த பட்டம். அடிமை என்ற பொருள் அதில் இல்லை. குஃபாஃப் தாய் நத்பாவின் பெயராலேயே அறியப்பட்டாலும், நபிகள் மக்காவை வென்றபோது (630) சுலைம் குலத்தின் கொடியை ஏந்தியவர்.

அன்தராவின் கதை வேறு. அடிமைப் பெண்ணின் மகனைத் தகப்பன் ஏற்றுக்கொள்ளாதவரை அவனும் அடிமையே என்பது இஸ்லாத்துக்கு முந்தைய வழக்கம். அவருடைய தாய் ஸபீபா அபிசீனிய (எத்தியோப்பிய) அடிமைப் பெண். எதிரிகள் ஒட்டகங்களை ஓட்டிப்போனபோது தகப்பன் “பாய்ந்து தாக்கு” என்றாராம். “அடிமைக்கு எங்கே போர் தெரியும்? பால் கறக்கவும் மடி கட்டவும்தான் தெரியும்” என்று பதில் வந்தது. “தாக்கு, நீ சுதந்திரன்” என்ற பிறகே வாளெடுத்தார் என்கிறது மரபு. ‘என் பாதி அப்ஸ் குலத்தின் மேலான வழி; மீதியை என் வாள் காக்கும்’ என்ற அவர் வரியைக் (அப்ஸ் அவர் தகப்பனின் குலம்) கட்டுரையாளர் வெறும் வீரப் பேச்சாக எடுத்துக்கொண்டார். அந்த மீதிப் பாதி தாய்வழி! பின்னாளைய இஸ்லாமியச் சட்டத்தில், அடிமைப் பெண்ணுக்குப் பிறந்து, எசமானன் தன் பிள்ளை என்று ஏற்ற குழந்தை பிறப்பிலேயே சுதந்திரம் பெற்றது; அவன் இறந்ததும் தாயும் விடுதலையானாள்.

உண்மையிலேயே அடிமையாகவே செத்தவர் சுஹைம். ‘நான் அடிமையானாலும் என் ஆன்மா சுதந்திரமானது, நிறம் கறுப்பானாலும் குணம் வெள்ளை’ என்றார். வெள்ளைதான் உயர்வு என்ற அளவுகோலை அவரும் விடவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது. ‘நரையும் இஸ்லாமும் மனிதனைத் தடுக்கப் போதும்’ என்று அவர் பாடியதைக் கேட்ட கலீஃபா உமர், இஸ்லாத்தை முன்னே வைத்திருந்தால் பரிசு தந்திருப்பேன் என்றாராம். குலப் பெண்களைப் பாடியதற்காக எசமானர்களே அவரைக் கொன்றார்கள்.

நுஸைப் உமையா வம்சக் கலீஃபாக்களின் காலத்தவர். எகிப்தின் ஆளுநர் அப்துல் அஸீஸ் இப்னு மர்வானைப் புகழ்ந்து பாடி விடுதலை பெற்றவர்.

இன்னொன்று. முஅல்லகா (இஸ்லாத்துக்கு முந்தைய புகழ்பெற்ற அரபு நெடும்பாடல்களில் ஒன்று) பாடிய அன்தரா வேறு, பல நூற்றாண்டுகள் கதைசொல்லிகள் வாயில் வளர்ந்த ‘சீரத் அன்தர்’ நாயகன் வேறு. கட்டுரையில் வரும் கான்ஸ்டாண்டினோபிள் பயணம் அந்தக் கதையின் சரக்கு. முஅல்லகாவில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

இப்படிக்கு,
அரபு இலக்கிய வாசகர் ஒருவர்