37-ஆம் கேள்வி: வினாத்தாள் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

டெல்டா மாவட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொது அறிவுப் போட்டி நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். சென்ற போட்டியின் 37-ஆம் கேள்வி உங்களுக்கு மறந்திருக்காது. 2002 குடியரசுத் தலைவர் தேர்தலில் டாக்டர் லட்சுமி சாகலுக்கு வாக்களித்தவர்கள் எத்தனை பேர்? உங்கள் விடைக்குறிப்பில் 1,07,366. அது தலைக்கணக்கு இல்லை, வாக்கு மதிப்பு. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் மக்கள் தேர்ந்தெடுத்த எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான்; ஒவ்வொருவர் வாக்குக்கும் ஒரு மதிப்பு உண்டு. விடையைத் திருத்தி மதிப்பெண்ணை மறுபடி போடுங்கள்.

தமிழ்நாட்டின் 1971 மக்கள்தொகை 4,11,99,168. அதைச் சட்டமன்ற இடங்களான 234-ஆல் வகுத்து, வந்ததை ஆயிரத்தால் வகுத்தால் 176. திருவையாறு எம்.எல்.ஏ. வாக்குச்சீட்டில் ஒரு பெயருக்கு நேரே '1' என்று எழுதினால் அதன் மதிப்பு 176. உத்தரப் பிரதேசத்தில் அதே '1' 208 ஆகிவிடும். அந்த ஆண்டு ஓர் எம்.பி.க்கு 708. இவற்றைக் கூட்டித்தான் கலாமுக்கு 9,22,884, லட்சுமிக்கு 1,07,366. நாடு முழுக்க எல்லா எம்.பி., எம்.எல்.ஏ.க்களையும் சேர்த்தாலே வாக்காளர்கள் ஐயாயிரத்தைத் தொடமாட்டார்கள். மிச்சப் பேரை எங்கிருந்து கூட்டிவந்தீர்கள், மகாமகத்திலிருந்தா?

"அது வாக்கு மதிப்பு, ஆட்களின் எண்ணிக்கை அல்ல" என்று சரியாக எழுதிய வேதாரண்யம் பக்கத்துப் பிள்ளைக்குப் பூஜ்யம். ஆட்சேபம் இருந்தால் அன்றே 5 மணிக்குள் நேரில் வரவேண்டும் என்பது உங்கள் விதி. விடைக்குறிப்பைச் சுவரில் ஒட்டியதோ நாலரைக்கு. நாலு மணி பஸ்ஸை விட்டால் ஏழரைக்குத்தான் அடுத்தது. பிள்ளைகளை இருட்டுவதற்குள் ஊர் சேர்க்க வேண்டிய ஆசிரியர் என்ன செய்வார்? டவுன் பள்ளிக்காரர்கள் ஆட்டோ பிடித்து வந்து ஆட்சேபித்துவிட்டுப் போகலாம்.

41-ஆம் கேள்வியில் லட்சுமி சாகலை 'நர்ஸ்' என்கிறீர்கள். 1938-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தவர். சிங்கப்பூரில் ஏழைத் தொழிலாளர்களுக்கு கிளினிக் நடத்தியவர். பிறகு 2002-இல் இடதுசாரிகளின் வேட்பாளர். 92 வயதிலும் கான்பூரில் நோயாளிகளைப் பார்த்தார். நர்ஸ் வேலை ஒன்றும் தாழ்வில்லை. ஆனால் பெண் என்றதும் பேனா தானாக அங்கேதான் போகிறது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் 1943-இல் அவர் தலைமையேற்ற ஜான்சி ராணி என்ற பெண்கள் படையில் பெரும்பாலோர் மலாயா ரப்பர் தோட்டத் தமிழ்ப் பெண்கள். நம் நாகப்பட்டினத்தில் கப்பலேறி அந்தத் தோட்டங்களுக்குப் போனவர்கள் கொஞ்சமா? அதைப் பற்றி ஒரு கேள்வியும் காணோம். யாரோ விற்ற வினா வங்கியை, தப்பும் தவறுமாக, அப்படியே இறக்கிவைத்தால் வேறென்ன வரும்?

பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: 37-ஐத் திருத்தி, சரியாக எழுதிய பிள்ளைகளுக்கு மதிப்பெண் கொடுங்கள். ஆட்சேபத்தைத் தபாலிலும் ஏற்று, மூன்று நாள் அவகாசம் தாருங்கள். அடுத்த சுற்றுக்குப் பெயர்ப்பட்டியல் ஒட்டுவதற்குள் செய்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
அரசியல் அறிவியல் ஆசிரியர்கள் சிலர்