அஞ்சு நூல் போல்ட்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் கையில் கிரீஸ், கழுவிவிட்டு வந்தால் தூக்கம். இன்றைக்குத்தான் இரண்டும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? மருத்துவர் சொன்ன பயிற்சியை நீ ஒரு வாரம் செய்திருப்பாய், அப்புறம் விட்டிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்து வீடே மகிழ்ந்தது. அவளுக்கு நான் தனியாக எழுதுகிறேன்.

சரி, டிராக்டருக்கு வருகிறேன். பள்ளி விட்டு வரும்போது நாம் இருவரும் மட்கார்டில் தொற்றிக்கொண்டு வருவோமே, மாமாவின் அதே வண்டிதான். அவர் விற்ற பிறகு இரண்டு கை மாறி, கடைசியில் ஒரு மரத்தடியில் சக்கரம் பாதி மண்ணில் இறங்கி நின்றுகொண்டிருந்தது. கிட்டத்தட்ட இரும்பு எடைக்கே வாங்கி வந்தேன். எனக்கு மரை கழன்றுவிட்டது என்று வீட்டில் பேச்சு. பாதி சரிதான். மரை போனது வண்டிக்கு, மாட்டிக்கொண்டவன் நான்.

என்ஜின் பெரிய தொல்லை கொடுக்கவில்லை. கொடுத்ததெல்லாம் பின் சக்கரம். ரிம்மின் உள்பக்கம் காதுகள் மாதிரி எட்டு பட்டைகள் பற்றவைத்திருக்கும், நினைவிருக்கிறதா? அந்தக் காதுகளோடு நடுத்தட்டைச் சேர்த்துப் பிடிப்பவை எட்டு போல்ட்டுகள். இரண்டு சக்கரத்துக்கும் பதினாறு. அதில் மூன்று இல்லவே இல்லை. ஒன்று பாதியில் முறிந்து நின்றது. மற்றவை துருவில் ஊறித் தலையும் நட்டும் ஒரே கட்டியாக இருந்தன. அதிலும் காற்று நிரப்பும் வால்வு பக்கத்தில் இருந்தவைதான் படு மோசம். இடையில் வைத்திருந்த யாரோ, சக்கரத்துக்கு எடை கூட்ட டயருக்குள் கால்சியம் குளோரைடு உப்பைக் கரைத்து ஊற்றியிருக்கிறார். அந்தக் கரைசல் வெறும் தண்ணீரைவிட அதிக எடை, குளிரில் சீக்கிரம் உறையாது. ஆனால் வால்வு ஓரம் ஒரு சொட்டு கசிந்தால் போதும், இரும்பை அரித்துத் தின்றுவிடும். அந்த இடத்தில் ரிம்மையே சுரண்டிப் பற்றவைக்க வேண்டியதாயிற்று.

பற்றவைக்க வந்தவர் முதலில் டயர் மாட்டியபடியே போல்ட்டைச் சூடாக்கிக் கழற்றிவிடலாம் என்றார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். டயர் இருக்கும் ரிம்மில் நெருப்பு வைத்தால் உள்ளே ரப்பர் வெந்து எரியக்கூடிய வாயு சேரும், வெடித்தால் பக்கத்தில் நிற்பவன் கதி அவ்வளவுதான். காற்றை இறக்கிவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். போதாது. டயரைக் கழற்றி ஓரமாக உருட்டி வைத்த பிறகுதான் நெருப்பைப் பக்கத்தில் விட்டேன். அதற்கு ஒரு நாள் முழுக்கப் போனது, போகட்டும்.

முறிந்து நின்றதை வெளியே எடுத்துப் பார்த்தபோது, லேத்துப் பட்டறையில் நீ எனக்குக் காட்டியது ஞாபகம் வந்தது. முறிந்த முகத்தில் முக்கால்வாசி வழவழப்பு, குளத்தில் கல் போட்டால் விரியும் வளையம் மாதிரி கோடு கோடாக. மீதி கால்வாசி மட்டும் கரடுமுரடு. ஒரே அடியில் முறிந்ததல்ல, கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் ஓடி, கடைசியில் தாங்காமல் போனது. பக்கத்தில் இருந்த மூன்றும் விழுந்தபின் கட்டு தளர்ந்திருக்கும். தட்டு ஆட ஆட இது அசதியில் செத்திருக்கிறது. ஓட்டைகள் இரண்டு நீள்வட்டமாகத் தேய்ந்திருந்ததும் அதனால்தான். இறுக்கமாக இருக்கும்வரை சுமையைத் தாங்குவது இரண்டு தட்டுக்கும் நடுவே உள்ள உராய்வு, போல்ட்டின் வேலை அழுத்திப் பிடிப்பது மட்டும். தளர்ந்துவிட்டால் மொத்த அடியும் போல்ட்டின் கழுத்தில் விழுகிறது. நீ அன்று சொன்னது எனக்கு நாற்பது வருடம் கழித்துத்தான் புரிந்தது.

இனிமேல்தான் கூத்து. உதிரி பாகக் கடைக்குப் போய் வண்டியின் பெயரைச் சொல்லி, "பின் சக்கர போல்ட், பதினாறு" என்று கேட்டேன். அவர் சொன்ன விலையில் வண்டியின் விலையில் நாலில் ஒரு பங்கு போய்விடும். பழைய மாடல், வரத்து இல்லை, ஒவ்வொன்றும் தனிப் பையில் வருகிறது என்றார். பைக்கும் சேர்த்துத்தான் விலை போலிருக்கிறது.

திரும்பி வரும் வழியில் இன்னொரு கடையில், பெயர் வேண்டாம், ஒரு பழைய போல்ட்டைக் காட்டினேன். அவர் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு "பதினாறு எம்எம், ஃபைன் மரை" என்று ஒரு பை கொடுத்தார். விலை குறைவு. வாங்கிவந்துவிட்டேன். பழைய நட்டை மாட்டினால் இரண்டு சுற்று அழகாக ஏறி நின்றுவிட்டது. துருதான் தடுக்கிறது என்று எண்ணெய் விட்டு ஸ்பானரால் ஒரு இழு இழுத்தேன். நட்டு, போல்ட்டு இரண்டின் மரையும் போயிற்று.

அப்புறம்தான் புத்தி வந்து அளந்தேன். என் வண்டியில் இருப்பது அஞ்சு நூல் போல்ட். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று, அதாவது 5/8 அங்குலம், 15.88 மில்லிமீட்டர். பதினாறு மில்லிமீட்டர் போல்ட்டோ அச்சாக 16 இருக்காது, மயிரிழை குறைவாகத்தான் செய்வார்கள். வெர்னியரில் இரண்டும் ஒன்றுபோலவே காட்டுகிறது. தலையில் ஸ்பானர் போட்டாலும் தெரியாது. அஞ்சு நூலின் தலை 15/16 அங்குலம், 23.8 மில்லிமீட்டர். மற்றதற்கு 24. ஒரே ஸ்பானர் இரண்டுக்கும் பொருந்தித் தொலைக்கிறது! வித்தியாசம் மரையில்தான். அஞ்சு நூலுக்கு அங்குலத்துக்கு 18 மரை, யுஎன்எஃப் என்ற நெருக்க மரை ரகம், ஒரு மரைக்கு அடுத்த மரை 1.41 மில்லிமீட்டர். பதினாறு மில்லிமீட்டருக்கு 1.5. முதல் இரண்டு சுற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, மூன்றாவதில் கழுத்தைப் பிடிக்கும். மரையோடு வைத்து ஒப்பிடும் பல் தகடு, பிட்ச் கேஜ், வைத்திருந்தால் ஒரு நிமிட வேலை. அதை வாங்கக் கஞ்சத்தனப்பட்டு ஒரு பை போல்ட்டைப் பாழாக்கினேன். இப்போது கேஜ் சட்டைப் பையிலேயே இருக்கிறது, பேனா மாதிரி.

இதைவிடப் பழைய பிரிட்டிஷ் வண்டி வைத்திருப்பவன் பாடு இன்னும் மோசம். அதில் விட்வொர்த் மரை, பல்லின் கோணம் 55 டிகிரி. யுஎன்எஃப்புக்கும் மில்லிமீட்டருக்கும் 60. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 1948இல் உடன்பட்ட பிறகுதான் இந்த ஒன்றுபட்ட மரையே வந்தது. நாலு நூல் விட்வொர்த்தில் அங்குலத்துக்கு 12 மரை, அதே ஒன்றுபட்ட மரையின் அகல ரகமான யுஎன்சியில் நாலு நூலுக்கு 13. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள், மாற்றிப் போட்டால் பகையாளிகள். உன் பட்டறை மூலையில் ஒரு டப்பா நிறைய "எதிலும் சேராத நட்டு" கிடக்குமே, அதில் பாதி விட்வொர்த்தாகத்தான் இருக்கும்.

அடுத்த நாள் போல்ட் நட் மட்டுமே விற்கும் கடைக்குப் போனேன். டிராக்டர் என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை. "அஞ்சு நூல், 18 மரை, யுஎன்எஃப், நீளம் இரண்டு அங்குலம், கிரேடு 8, அறுகோணத் தலை" என்று துண்டுச் சீட்டை நீட்டினேன். 25 அடங்கிய ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். விலையைக் கேட்டு இரண்டாவது தடவை கேட்டேன், காதில் சரியாக விழவில்லையோ என்று. உதிரி பாகக் கடையில் மூன்று போல்ட்டுக்குக் கேட்ட பணத்தில் பெட்டியே வந்துவிட்டது. அதே இரும்புதான் நண்பா. வண்டியின் பெயரைச் சொன்னால் ஒரு விலை, அளவைச் சொன்னால் ஒரு விலை.

அசலில் இருந்தது 1¾ அங்குலம், நான் ஏன் 2 அங்குலம் கேட்டேன் என்று நீ கேட்பாய். அஞ்சு நூலில் மரை ஓடும் நீளம் வழக்கமாக ஒன்றரை அங்குலம். இரண்டு அங்குல போல்ட் என்றால் தலைக்குக் கீழே அரை அங்குலம் மரையில்லாத வழவழப்பான உடம்பு கிடைக்கும். ரிம்மின் காது 10 மில்லிமீட்டர் தடிமன். ஆகவே காதும் தட்டும் சேரும் இடத்தில் மரைப்பள்ளம் வராது, முழு உடம்பே நிற்கும். முறிந்த பழைய போல்ட் சரியாக மரை தொடங்கும் பள்ளத்தில்தான் முறிந்திருந்தது. வெளியே நட்டுக்கு மேல் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கிறது, அழகில்லைதான். டிராக்டருக்கு இந்த அழகு போதும்.

கிரேடு, அதாவது போல்ட்டின் வலிமை, விஷயத்தில் நான் யாரையும் நம்பவில்லை, தலையைப் பார்த்தேன். அங்குல போல்ட்டில் மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு இருந்தால் கிரேடு 8. கோட்டோடு இரண்டைக் கூட்டிக்கொள், அவ்வளவுதான். கோடே இல்லையென்றால் கதவுக்கும் வேலிக்கும் போடு. மில்லிமீட்டர் போல்ட்டில் 8.8 என்று எண்ணே இருக்கும்: முதல் எட்டு, 800 மெகாபாஸ்கல் வரை இழுவையைத் தாங்கும் என்பது, அடுத்த எட்டு, அதில் 80 சதவீதம் போனால் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பது. கோட்டைப் பொய்யாகவும் அடிக்கலாமே என்று ஒரு சந்தேகம். பெட்டியில் ஒன்றை வைஸில் பிடித்து அரத்தால் இழுத்தேன். பழைய வேலி போல்ட்டை அரம் வெண்ணெய் மாதிரி சீவியது, இதில் சிரமப்பட்டுத்தான் கடித்தது. முழுமையான சோதனை இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மனசுக்கு ஒரு சமாதானம்.

கடைசல்காரர் ஒருவர் கம்பியிலிருந்து செய்து தருகிறேன் என்றார். உன் தொழிலைக் குறை சொல்கிறேன் என்று கோபிக்காதே, வேண்டாம் என்றுவிட்டேன். லேத்தில் வெட்டிய மரையைவிட உருட்டி அழுத்தி எடுத்த மரைக்கு அசதியைத் தாங்கும் சக்தி அதிகம் என்று சொல்லிக்கொடுத்ததே நீதான்.

எல்லாவற்றிலும் மலிவு பார்த்தேன் என்று நினைத்துவிடாதே. முன் சக்கரத்தின் நட்டில் கஞ்சத்தனம் காட்டவில்லை. அதன் அடிப்பக்கம் கூம்பு மாதிரி சரிந்து, தட்டில் இருக்கும் குழியில் உட்கார்ந்து சக்கரத்தை நடுவில் பிடிக்கிறது. அங்கே வாஷரும் சாதாரண நட்டும் போட்டால் குழியின் விளிம்பில் மட்டும் தொட்டு நிற்கும், பத்து நாளில் தளரும். கூம்பு நட்டை அந்த உதிரி பாகக் கடையிலேயே, அந்தப் பைக்கும் சேர்த்து, கேட்ட விலைக்கு வாங்கினேன். சில வண்டிகளில் ரிம் காதில் சதுர ஓட்டையும், கழுத்து சதுரமான உருண்டைத் தலை போல்ட்டும் வரும். நல்லவேளை எனக்கு அது இல்லை. அந்த ரகத்தில் கடையில் எளிதாகக் கிடைப்பது பெரும்பாலும் மெத்து இரும்பு. கெட்டியான ரகம் வேண்டுமானால் அலைய வேண்டும்.

நட்டையும் அதே கிரேடில்தான் வாங்கினேன். மரையில் எண்ணெய் தடவாமல், எதிரெதிராக மாற்றி மாற்றி, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினேன். எண்ணெய் தடவிவிட்டு உலர்ந்த மரைக்கான அளவுக்கே இறுக்கினால், போல்ட் நினைத்ததைவிட அதிகமாக இழுபடும். காதின் அடியில் பெயிண்டையும் சுரண்டி எடுத்துவிட்டேன். பெயிண்ட் நசுங்கி இடம் விட்டால் இறுக்கம் போய்விடும். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுத் திரும்ப ரெஞ்ச் வைத்தபோது பதினாறில் ஐந்து கொஞ்சம் திரும்பின. பத்து மணி நேரம் கழித்து ஒன்றுகூடத் திரும்பவில்லை. அன்று சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கவே மனசில்லை. மட்கார்டில் இடது பக்கம் காலியாக இருந்தது, சொல்லிவைக்கிறேன்.

புது டிராக்டர் வாங்கும் வயதில் பழைய இரும்போடு மல்லுக்கட்டுகிறாயே என்று போனில் கேட்டாய். அன்றைக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் சரியாகத் தெரியவில்லை. கையால் திருகி, கண்ணால் பார்த்து, இது சரி இது தப்பு என்று அன்றே தெரிந்துவிடும் வேலை எனக்கு வேறெங்கும் இப்போது இல்லை, அதுவாக இருக்கலாம். அல்லது நிஜமாகவே மரை கழன்றிருக்கலாம்.

பெட்டியில் பதினாறு போக ஒன்பது மிச்சம். அரம் பட்ட ஒன்றைத் தள்ளினால் எட்டு. உன் டிரெய்லரின் சக்கரமும் ஆடுகிறது என்று எழுதியிருந்தாய். ஆகுமென்றால் அனுப்பிவைக்கிறேன். ஆனால் "டிரெய்லர் போல்ட்" என்று மட்டும் பதில் எழுதாதே. ஒன்றைக் கழற்றி, விட்டம், அங்குலத்துக்கு எத்தனை மரை, தலைக்குக் கீழே நீளம், நட்டின் அடி தட்டையா கூம்பா, எல்லாம் அளந்து எழுது. பிட்ச் கேஜ் இல்லாவிட்டால், சோப்பில் மரையை அழுத்தி எடுத்து, ஓர் அங்குலத்தில் எத்தனை பள்ளம் என்று எண்ணிப் பார். வேண்டுமானால் அந்தச் சோப்பையே அனுப்பு, இங்கே நான் எண்ணிக்கொள்கிறேன்.

தங்கச்சிக்கு என் அன்பு.

உன்
பழைய கூட்டாளி